பெங்களூருக்குப் போன கிரேஸுக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள கிரேஸ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் இரண்டு வரியும் ஒரு கும்பிடு பொம்மையும் அனுப்புகிற இந்தக் காலத்தில், நாலு பக்கம் கைப்பட எழுதியிருக்கிறாய். அதற்குப் பதிலை செல்போனில் தட்டினால் நன்றாகவா இருக்கும்? பேனாவை எடுத்துவிட்டேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே, கட்டைவிரல் வலி இன்னும் விடவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கெடிலத்தில் தண்ணீர் ஓடுகிறது, பயப்படும்படி இல்லை. ஆனால் 2015 வெள்ளத்தையும், 2024ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு பெண்ணையாறு ஊருக்குள் வந்ததையும் பார்த்தவர்கள் நாங்கள். வானம் கறுத்தாலே அரிசி மூட்டையை மாடிக்கு ஏற்றலாமா என்றுதான் யோசனை ஓடுகிறது.

அறுப்பின் பண்டிகை போன வாரம் முடிந்தது. சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்ததை ஏலம் விட்டவர் யார் தெரியுமா? பாடகர் குழுவில் உன்னை எப்போதும் ஆல்டோவுக்கு, அதுதான் இரண்டாம் குரலுக்கு, தள்ளிவிடுவாரே, அவரேதான். குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது. நாட்டுக்கோழி, பரங்கிக்காய், முந்திரிப்பருப்பு பாக்கெட் எல்லாம் வழக்கமான விலைக்குப் போயின. இட்லிக்கடை அம்மா ஒரு எவர்சில்வர் தட்டில் ஐந்து எலுமிச்சம்பழம் வைத்து, நடுவில் ஒரு சாமந்தியைச் செருகிக் கொண்டுவந்திருந்தார். ஐம்பது ரூபாயில் ஆரம்பித்தது. எடுத்தவர் "சபைக்கே கொடுக்கிறேன்" என்று திருப்பி வைத்தார். மறுபடி ஏலம். அடுத்தவரும் திருப்பி வைத்தார். அப்படியே சுற்றிச் சுற்றி, அந்தத் தட்டு மட்டும் மூவாயிரத்துச் சொச்சம் கொண்டுவந்தது. கடைசியில் எடுத்தவன் ஒரு காலேஜ் பையன். ஊறுகாய் போட்டானோ, ஜூஸ் போட்டுக் குடித்தானோ தெரியாது. அந்த அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தன் கொல்லை எலுமிச்சைக்கு இவ்வளவு மவுசா என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரே சிரிப்பு.

சபைக் கமிட்டி தேர்தலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதை ஏன் கேட்கிறாய்! இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல், வலது பக்க பெஞ்சு ஒரு கட்சி, இடது பக்க பெஞ்சு ஒரு கட்சி என்று ஆகிவிட்டது. திருவிருந்துக்கு முழங்கால் போடும்போதுகூடப் பக்கத்தில் யார் என்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். எனக்கு வந்த எரிச்சலில் நம்ம போதகர் ஐயரிடமே சொல்லிவிட்டேன், "காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகு என்ற வசனத்தை ஒருநாள் பிரசங்கம் பண்ணுங்கள், ஐயா" என்று. அவர் சிரித்து மழுப்பினார். பாவம், அவருக்கு இரண்டு பக்கமும் வேண்டும்.

ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது. இடது பக்கத்து ஆள் ஒருவர் ராத்திரியில் இறந்துபோனார். காலையில் நல்ல மழை. கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற சந்தில் முழங்கால் தண்ணீர். வண்டி பாதியிலேயே நின்றுவிட்டது. பெட்டியைத் தூக்க ஆள் போதவில்லை. வலது பக்கத்து ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மண் போட்டுவிட்டு எல்லாரும் ஒரே டீக்கடையில் நின்று டீ குடித்தார்கள். சண்டை தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடியும் அவரவர் பெஞ்சுதான். இருந்தாலும் அந்த டீயை நான் மறக்க மாட்டேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

மகன் குடும்பம் போகிற சபையில் எல்லாம் இங்கிலீஷ், டிரம்ஸ் சத்தத்தில் தலைவலி வருகிறது என்கிறாய். பக்கத்திலேயே ஒரு தமிழ் சபை இருக்கிறது, அங்கே இரண்டு ஞாயிறு போனேன், ஒருவர்கூட 'நீங்கள் யார், எந்த ஊர்' என்று கேட்கவில்லை என்கிறாய். அதனால் இப்போது கட்டிலில் உட்கார்ந்து நம்ம ஆராதனையை யூடியூபில் பார்ப்பதோடு சரி. 'கர்த்தர் எங்கேயும் இருக்கிறார், வீட்டில் ஜெபித்தால் போதாதா' என்று ஒரு கேள்வி வேறு.

அந்த சபை மேல் எனக்கும் கோபம்தான். கணவனை இழந்து ஊர்விட்டு ஊர் வந்த ஒருத்தி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வார்த்தை விசாரிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறவர்களை என்னவென்று சொல்வது? அதைக் கேட்ட பிறகு நம்ம பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேசி, ஞாயிறுதோறும் வாசலில் இரண்டு பேர் நிற்பது என்று முடிவு பண்ணியிருக்கிறோம். பாட்டுப் புத்தகம் கொடுப்பதற்கு இல்லை, பெயர் கேட்பதற்கு. உன் கடிதத்தால் நடந்த நல்ல காரியம் அது.

யூடியூபையும் நான் குறை சொல்லவில்லை. 2020ல் கோவில் கதவு பூட்டியிருந்தபோது அதுதான் நம்மைப் பிடித்து வைத்திருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் கதி. ஆனால் உன் முட்டி நன்றாக இருக்கிறது, தினமும் பார்க்கில் நடக்கிறாய் என்று உன் மகனே சொன்னான். நீ வராத ஞாயிறு எது என்று அந்த செல்போனுக்குத் தெரியாது, கிரேஸ். உனக்கு ஜுரம் என்றாலும் அது பாட்டுக்கு ஆராதனையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

தானே புயல் நினைவிருக்கிறதா? 2011 டிசம்பர் 30 விடியற்காலை. மறுநாள் ராத்திரி வருடக் கடைசி ஆராதனை. ஊரே இருட்டு. பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. நம்ம தெருவில் மரத்தைத் தாண்டித் தாண்டித்தான் நடந்தோம். இந்த நிலையில் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தால், கோவில் நிறைய ஆள். மெழுகுவர்த்தியும் அரிக்கேன் விளக்கும் வைத்துக்கொண்டு, காயாத துணியோடு உட்கார்ந்திருந்தோம். அன்றைய பிரசங்கத்தில் ஒரு வரிகூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது நீ செய்ததுதான். பாதிப் பாட்டில் என் முழங்கையை இடித்து, "டெய்லர் அக்கா வீட்டு ஆட்கள் யாரும் வரவில்லையே" என்றாய். ஆசீர்வாதம் முடிந்ததும் நீயும் உன் வீட்டுக்காரரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனீர்கள். சுவர் விழுந்த வீட்டில், கட்டில் மேல் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு அந்த அக்கா முழித்துக்கொண்டிருந்தார். அப்படியே உன் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். பொங்கல் வரைக்கும் அங்கேதான் இருந்தார்கள். இதைச் செய் என்று கமிட்டியா சொன்னது? அந்த பெஞ்சு காலியாக இருந்தது உன் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவள் 'சபை எதற்கு' என்று எனக்கே எழுதுகிறாயே, இது நியாயமா?

பைபிளில் பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய கடிதம், அந்த ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை எடுத்துப் படி. நாம் எல்லாரும் தாண்டிப்போகிற அதிகாரம் அது, வெறும் பெயர்ப் பட்டியல் என்று. பவுல் அதுவரை ரோமாபுரிக்குப் போனதே இல்லை. ஆனாலும் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். கர்த்தருக்குள் பிரயாசப்படுகிற திரிபேனாள், திரிபோசாள். பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, அவர்கள் வீட்டில் கூடிவருகிற சபை. ரூபையும், 'எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும்'. அந்த அம்மா பவுலுக்கு எந்த ஊரில், என்ன செய்தாரோ. சோறு போட்டாரா, சுகமில்லாதபோது பக்கத்தில் இருந்தாரா, ஒன்றும் எழுதியில்லை. அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆனால் தாய் என்கிறார். அதற்கு முந்தின அதிகாரங்களில் அவ்வளவு பெரிய உபதேசம் எழுதிய மனிதர், முடிக்கும்போது வந்து நிற்கிற இடம் இது. எனக்கு அந்த அதிகாரம் வயதாக ஆகத்தான் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

பாஷை தெரியாத ஊர் என்கிறாய். நான் பழைய சரித்திர டீச்சர் ஆயிற்றே, அந்தப் புத்தி போகுமா? நம்ம ஊரில் 1740ல் வந்து இறங்கிய மிஷனரி கீர்நாண்டரை நினைத்துக்கொள். சுவீடன் நாட்டுக்காரர். இங்கே தமிழ் கற்று, பள்ளிக்கூடம் நடத்தி, பதினெட்டு வருஷம் ஊழியம் செய்தார். 1758ல் பிரெஞ்சுப் படை கடலூரையும் செயின்ட் டேவிட் கோட்டையையும் பிடித்ததும், எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குப் போக வேண்டியதாயிற்று. அப்போது வயது நாற்பத்தேழு இருக்கும். இங்கே கற்ற தமிழ் அங்கே செல்லாது. முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி பள்ளிக்கூடம், மறுபடி சபை. 1770ல் அங்கே ஒரு கோவிலையும் கட்டித் திறந்தார். உனக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. நீ கோவில் கட்ட வேண்டாம், இருக்கிற கோவிலில் போய் உட்கார்ந்தால் போதும். அதுவும் தமிழ்க் கோவில்.

ஜெபத்தில் மனசு நிற்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அது எல்லாருக்கும் உள்ள வியாதி. ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தருக்கு முடி வெட்டுகிற பேத்துரு என்று ஒரு நாவிதர் இருந்தார். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்கு லூத்தர் ஒரு கடிதமே எழுதிக் கொடுத்தார். 1535ல் அது அச்சிலும் வந்தது. காலையில் முதல் வேலையும் இரவில் கடைசி வேலையும் ஜெபமாக இருக்கட்டும், 'இதை முடித்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கிறேன்' என்று சொல்கிற மனசை நம்பாதே என்கிறார். நல்ல நாவிதன் கண்ணைக் கத்தி மேலேயே வைத்திருப்பான், பேச்சு சுவாரசியத்தில் அங்கே இங்கே பார்த்தால் மூக்கையோ வாயையோ அறுத்துவிடுவான், ஜெபமும் அப்படித்தான் என்று ஆளுக்கேற்றபடி சொல்லிக் கொடுக்கிறார். பெரிய வார்த்தைகள் வேண்டாம், கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொரு வரியாக எடுத்து, நின்று நின்று சொல்லு என்கிறார். நான் இப்போது அப்படித்தான். காலையில் பால் பொங்குவதற்குள் ஒரு வரி. 'அன்றன்றுள்ள அப்பம்' என்ற வரியில் நின்றுவிட்டால் அன்றைக்கு அதோடு சரி.

அந்த நாவிதர் கதையில் இன்னொன்றும் உண்டு. அதே வருஷம் ஈஸ்டர் சமயத்தில், சாப்பாட்டு மேஜையில் குடிபோதையில் தன் மருமகனையே குத்திக் கொன்றுவிட்டார். லூத்தர் அவருக்காகப் பரிந்து பேசியதால் உயிர் தப்பியது, நாடு கடத்தினார்கள். ஜெபத்தைப் பற்றி அவ்வளவு அருமையான கடிதம் கைக்கு வந்தும் இப்படி. இதைப் பெண்கள் சங்கத்தில் சொன்னபோது ஒருத்தியும் மூச்சு விடவில்லை. எனக்கு என்னவோ, லூத்தர் அவரைக் கைவிடவில்லை என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

அதே கடிதத்தில் லூத்தர் தன்னைப் பற்றிச் சொல்வது உனக்காகவே எழுதியது மாதிரி இருக்கும். மனசு ஆறிப்போய் ஜெபம் வராவிட்டால், சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவாராம். ஆராதனை நேரமாக இருந்தால், ஜனங்கள் கூடியிருக்கிற கோவிலுக்கு ஓடுவாராம். மனசு சூடான பிறகு கோவிலுக்குப் போவது இல்லை, சூடாகத்தான் போவது. உனக்கு ஜெபம் வரவில்லை என்கிற நாளில்தான் பக்கத்தில் நாலு பேர் சத்தமாக 'பரமண்டலங்களிலிருக்கிற' என்று ஆரம்பிக்க வேண்டும். நீ வாயசைத்தால்கூடப் போதும், அவர்கள் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அதனால் நான் சொல்வதைக் கேள். அந்தத் தமிழ் சபைக்கே மறுபடி போ. கடைசி பெஞ்சில் உட்காராதே, அங்கே உட்கார்ந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். நடு பெஞ்சுக்குப் போ. முடிந்ததும் செருப்பைத் தேடி ஓடாதே. அவர்கள் கேட்காவிட்டால் நீ கேள், வாயில்லாதவளா நீ? வார நாளில் பெண்கள் கூட்டம் கட்டாயம் இருக்கும், அதுதான் நல்ல இடம். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் நடக்காத பழக்கம், வீட்டு ஜெபத்தில் பாய் விரிக்கும்போதும் டம்ளர் கழுவும்போதும் நடந்துவிடும். மகன் சபைக்கும் மாதத்தில் ஒருநாள் போய் வா. டிரம்ஸ் தலைவலிக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொள். பேத்தி பாட்டி பக்கத்தில் நின்று பாடியதை நினைவு வைத்திருப்பாள்.

இங்கே டிசம்பர் பிறந்ததும் கேரல் ரவுண்ட்ஸ் பட்டியல் போட வேண்டும். இந்த முறை தேவனாம்பட்டினம் பக்கமும் போகலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இரண்டாம் குரலுக்கு ஆள் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நீ வருவதாக இருந்தால் என் வீட்டு மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. பஸ்ஸில் ராத்திரி ஏறினால் காலையில் இங்கே இட்லி சாப்பிடலாம்.

அடுத்த கடிதத்தில், அந்த சபையில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயரையும் அவர் வீட்டுச் சமாச்சாரத்தையும் எழுது. என் ஜெபப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

பேத்திக்கு முத்தம். மகனுக்கும் மருமகளுக்கும் வாழ்த்து.

கர்த்தருக்குள் உன்,
எஸ்தர்

பி.கு.: வரும்போது காபித்தூள் அரைக் கிலோ வாங்கி வா, சிக்கரி கலக்காதது. பணம் கொடுத்துவிடுவேன், வேண்டாம் என்று சண்டை போடாதே.