சென்சார் பற்றி நீ கேட்டது

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நேற்று அவளே ஊசியில் நூல் கோத்துவிட்டாள்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கையிலிருக்கும் கேனான் 5டி மார்க் 3 கேமராவை விற்றுவிட்டு நிக்கான் டி800 வாங்கலாமா என்கிறாய். இரண்டும் 2012-இல் வந்தவை. வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லான சென்சார் இரண்டிலும் ஏறக்குறைய 36-க்கு 24 மில்லிமீட்டர். உன்னுடையதில் 22.3 மெகாபிக்சல், டி800-இல் 36.3. எனக்கு அந்தக் கணக்கு பெரிதாகப் படவில்லை. நீ போடும் ஆல்பத்துக்கு 22 தாராளம்.

விஷயம் நிழலில் இருக்கிறது. போன வாரம் டி800-ஐ எடுத்துக்கொண்டு காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குப் போனேன். உச்சி வெயில். முற்றம் பளீரென்று வெளுத்துக் கிடக்கிறது, தாழ்வாரத்தில் ஒரே இருட்டு. வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறைத்து, ஐஎஸ்ஓ 100-இல் வெயிலுக்கு அளந்து எடுத்தேன். திரையில் தூண்கள் வெறும் கறுப்பு. வீட்டுக்கு வந்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் நிழலை 4 ஸ்டாப், அதாவது 16 மடங்கு வெளிச்சமாகத் தூக்கினேன். தேக்குத் தூணின் ரேகை, அதில் அடித்திருந்த ஆணி, ஆணியில் தொங்கிய சாவிக்கொத்து எல்லாம் எழுந்து வந்துவிட்டன!

டி800-இன் சென்சார் சோனி செய்தது. சிக்னலை எண்ணாக மாற்றும் வேலை அந்தச் சில்லிலேயே, பிக்சல்களின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனியாக நடந்துவிடுகிறது. மார்க் 3-இல் சிக்னல் சென்சாரை விட்டு வெளியே போய், வேறொரு சில்லில்தான் எண்ணாகிறது. போகிற வழியில் நாய்ஸ், அதாவது படத்தைக் கெடுக்கும் தேவையில்லாத சிக்னல், ஒட்டிக்கொள்கிறது. குறைந்த ஐஎஸ்ஓவில் நிழலை ரொம்பத் தூக்கினால் கோடுகோடாகத் தெரிவது அதுதான்.

ஆனால் நீ எடுப்பது முகூர்த்தமும் ரிசப்ஷனும். மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ 3200-க்குக் கீழே எத்தனை தடவை இறங்கியிருப்பாய்? அந்த உயரத்தில் சிக்னல் சென்சாரிலேயே பெருகித்தான் வெளியே வருகிறது, வழியில் சேரும் நாய்ஸ் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டையும் ஒரே அளவில் பிரிண்ட் போட்டால் எது எதில் எடுத்தது என்று சொல்வது கஷ்டம். அப்புறம், தாலி கட்டும்போது மார்க் 3 நொடிக்கு 6 படம் எடுக்கும். டி800-க்கு 4 தான்.

விற்காதே. தை பிறந்ததும் அதையும் எடுத்துக்கொண்டு இங்கே வா. அதே தூணை இரண்டிலும் எடுத்துப் பார்ப்போம். வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மதியம் முற்றத்தில் நல்ல வெயில் இறங்கும்.

அன்புடன்,
உன் மாப்ளே