ப்ரோபாக்ஸ் சமாச்சாரம்

சிரியம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாரி,

நான் எழுதி ஏழு மாதம் ஆகிறது. திட்டுவதை நேரில் வந்து திட்டு. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ யாரையும் பேச விட்டதில்லை. தவிர, இதில் ஒரு விஷயம் எழுதத்தான் வரும், வாயில் வராது. எழுத்துப் பிழை இருந்தால் உன் டீச்சரம்மாவிடம் காட்டாதே. கோயில் வகுப்பில் வாங்கின பிரம்படி இந்த ஜென்மத்துக்குப் போதும்.

வீட்டில் எல்லோரும் சுகம். அவளுக்கு முட்டி வலி அப்படியேதான். சின்னவன் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். கட்டை ராசு மூன்றாவது தடவையாகக் குடியை விட்டிருக்கிறார். மோல்மீன் காற்று உனக்கு ஒத்துக்கொண்டதா? பேத்தி தமிழ் பேசுகிறாளா, இல்லை பர்மியம் மட்டும்தானா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்கு விற்ற டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார்.

வாரம் நாலு நாள் நான் ரங்கூன் பயின்னவுங் சந்தைக்குப் போய் மிளகாயும் பருப்பும் ஏற்றி வருகிறேன் என்பது உனக்குத் தெரியும். பாலம் தாண்டி, ஊரைக் குறுக்கே வெட்டிப் போக வர சுமார் அறுபது கிலோமீட்டர். 2020இல் 92 ஆக்டேன் பெட்ரோல் லிட்டர் ஆயிரம் கியாட்டுக்குக் கீழே கிடைத்தபோது நான் கணக்கே பார்த்ததில்லை. இப்போது பங்க்கில் போர்டைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு போடுகிறேன். மூட்டைக்கு நிற்கிற லாபத்தை வண்டி குடித்துவிடுகிறது. விலை ஏறுவது நமக்குப் புதுசா என்ன? 2005 அக்டோபரில் ராத்திரியோடு ராத்திரியாக பெட்ரோல் கேலன் 180 கியாட்டிலிருந்து 1500 ஆனதும், 2007 ஆகஸ்டில் அது 2500 ஆனதும் நினைவிருக்கிறதா? பெட்ரோலுக்குப் பதில் வண்டியில் கேஸ் மாட்டிக்கொண்டு தப்பித்துவிட்டோம் என்று இருந்தவர்களுக்கு அதே நாளில் கேஸ் ஐந்து மடங்கு. அந்த கேஸ் வரிசையில் விடியவிடியக் கிடந்து நீ பாடின பாட்டுக்கு இன்றைக்கும் பின்னால் நின்ற லாரிக்காரன் பழி தீர்க்கத் தேடிக்கொண்டிருப்பான்.

சரி, ஒரு நோட்டு போட்டேன். பங்க்கில் பெட்ரோல் போடுகிற துப்பாக்கி தானாக 'டக்' என்று நிற்கும்வரை நிரப்புவது, மீட்டரைக் குறிப்பது, அடுத்த முறை அதே பங்க்கில் மறுபடி 'டக்' வரை நிரப்புவது. ஓடின கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் தீர்ந்தது. மூன்று வாரம் பார்த்தேன். லிட்டருக்கு 9.8. 1500 சிசி வண்டிக்கு இது வெட்கக்கேடு. லாரிகூட இதைவிட மானத்தோடு ஓடும்.

முதலில் முட்டாளானதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ராசு சொல்லிவிடுவார். பெட்ரோல் குழாயில் மாட்டுகிற காந்தம் ஒன்று வாங்கினேன். ஜோடி முப்பத்தைந்தாயிரம். நோட்டு 9.8 என்றே சொன்னது. அடுத்தது மச்சான் மகன் ஒரு டப்பாவோடு வந்தான். தண்ணீரை கரண்டால் பிரித்து ஹைட்ரஜனாக்கி இன்ஜினுக்குக் கொடுக்குமாம். கரண்ட் எங்கேயிருந்து வரும் என்றேன். பேட்டரியிலிருந்து என்றான். பேட்டரிக்கு? ஆல்டர்னேட்டரிலிருந்து. அதை யார் சுற்றுகிறார்கள்? பையன் யோசித்தான். இன்ஜினேதான். குடத்துத் தண்ணீரை மொண்டு இன்னொரு குடத்தில் ஊற்றி, சிந்தினது போக மீதியைத் திரும்ப ஊற்றினால் முதல் குடம் பொங்கி வழியும் என்கிற கதைதானே இது. சின்னவன் போனில் தேடிச் சொன்னான், அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் முகமை இந்த மாதிரி நூற்றுக்கும் மேலான சாமான்களைச் சோதித்ததாம். ஏதோ ஒன்றிரண்டு கொஞ்சம் உதவியதாம், மற்றதெல்லாம் சும்மா. காந்தம் இப்போது கடைத் தராசுக்குப் பக்கத்தில் ரசீதுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

அப்புறம்தான் டவ்போன் பக்கம் நம்ம மெக்கானிக் சயாவிடம் வண்டியை விட்டேன். அவர் எதையும் மாட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

முதலில் சக்கரம். இரண்டு வருஷம் முன்னால் சின்னவன் அழகுக்காக 15 இஞ்ச் அலாய் ரிங்கும் 185 அகல டயரும் போட்டிருந்தான், நீ படம் பார்த்து 'மாப்பிள்ளை மாதிரி இருக்கு'ன்னு எழுதினாயே. அகலமான டயர் உருள்வதற்கு வலு அதிகம் கேட்கும், அது எனக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சயா சொன்னார். அந்த டயர் பழைய 13 இஞ்ச் டயரைவிட இரண்டு சென்டிமீட்டர் உயரம். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் வண்டி அதிக தூரம் போகும், ஆனால் மீட்டர் சுற்றைத்தான் எண்ணும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் முப்பத்துச் சொச்சம் குறைத்தே காட்டும். ஆக என் 9.8இல் கொஞ்சம் பொய்! நிஜத்தில் 10ஐத் தாண்டியிருக்கும். வெட்கக்கேடு கொஞ்சம் குறைந்தது. அலாயை விற்று, பழைய இரும்பு ரிங்கும் 165 டயரும் போட்டாயிற்று. சின்னவன் இரண்டு நாள் சாப்பிடும்போது பேசவில்லை.

காற்று நாலு டயரிலும் ஒவ்வொரு அளவு. பின்பக்க இடது டிரம்மில் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருந்தது. ஜாக்கி வைத்துக் கையால் சுற்றினால் அரைச் சுற்றோடு நின்றது, மற்ற சக்கரம் மூன்று சுற்று ஓடியது. கூரை மேலே வருஷக்கணக்காகச் சும்மா நிற்கிற கேரியரையும் இறக்கினோம். ஊருக்குள் அதனால் பெரிய நஷ்டமில்லை, நெடுஞ்சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறபோதுதான் அது தின்னும். இவ்வளவும் செய்து நோட்டைப் பார்த்தால் 11.4.

சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். சயா விடவில்லை. ஸ்கேனரைச் சொருகி ஓட்டிப் பார்த்தார். இருபது நிமிஷம் ஓடியும் இன்ஜின் தண்ணீர் 64 டிகிரி. இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினைச் சூடேற்றத்தான் அது இருக்கிறது. காலையில் வண்டி கிளப்பினதும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸைத் தொடச் சொன்னார். ஜில்லென்று இருந்து, கொஞ்ச நேரம் கழித்து ஒரே அடியாகச் சுட வேண்டும். நான் தொட்டபோது தொடக்கத்திலிருந்தே வெதுவெதுவென்று, குழந்தைக்குக் கலக்கின பால் மாதிரி. இன்ஜின் சூடே ஆகவில்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி ஊற்றிக்கொண்டிருக்கிறது. எட்டு வருஷமாக.

ஆல்டர்னேட்டரைக் கழற்றினால்தான் அங்கே கை போகும். கழற்றி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. ரப்பர் வளையம்கூட இல்லை. சிவப்பு கேஸ்கெட் பசை ஒழுகி, யாரோ கட்டைவிரலால் தடவின ரேகை அப்படியே காய்ந்திருந்தது.

"எந்த முட்டாள் இதைக் கழற்றினான்?" என்றார் சயா. நானும் சிரித்துக்கொண்டே உன்னைத்தான் நினைத்தேன். இந்த மாரிப் பயலை விடக்கூடாது, எழுதிக் கிழிக்க வேண்டும் என்று அங்கேயே வாக்கியமெல்லாம் தயார் செய்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், பாலத்தின் மேல், நினைவு வந்தது.

தங்கச்சியின் கருமாதியன்று பந்தலில் நீ சொன்னாய். எதிரில் யாராவது இருந்தார்களா என்றுகூட நீ பார்க்கவில்லை. "லெகூ கிட்ட வண்டி கொதிச்சிடுச்சு. ஒருத்தன் என்னமோ கழட்டிப் போட்டான். அப்புறம் கொதிக்கவே இல்ல." அன்று தண்ணீர்த் திருவிழா இரண்டாம் நாள். பெகுவிலிருந்து தங்கச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறாய், ஒரு ஒர்க்‌ஷாப் திறந்திருக்காது, தண்ணீர் ஊற்றுகிற ஒவ்வொரு மண்டபத்து முன்னாலும் வண்டி நின்று நின்று ஊர்கிறது. மூடினபடியே தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டால் தண்ணீர் சுற்றாது, கொதிக்கத்தான் செய்யும். அந்த இடத்தில் அதைப் பிடுங்கி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை என்று சயாவே பிறகு ஒப்புக்கொண்டார். இதை நான் அவரிடம் சொன்னபோது அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது தங்கச்சி லெகூவில் வண்டி நின்ற அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் சொன்னாள். அவளை மரத்தடியில் பாய் விரித்து உட்காரவைத்திருந்தாயாம். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து, சத்தம் போடாமல், வெள்ளிக் கிண்ணத்திலிருந்து கொஞ்சமாக அவள் தோளில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். "அவர் அங்க மெக்கானிக்க திட்டிக்கிட்டிருந்தாரு அண்ணா, எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். இதை உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வைகாசியில் சொல்ல முடியவில்லை, அப்புறம் நீ வண்டியைப் பாதி விலைக்கு என் தலையில் கட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாய். ஏன் இவ்வளவு மலிவு என்று நானும் கேட்கவில்லை.

புது தெர்மோஸ்டாட் மாட்டிவிட்டேன். மாட்டுவதற்கு முன்னால் உன்னிடம் கேட்க வேண்டுமோ என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன், பைத்தியக்காரத்தனம்தான். அந்தப் பசை ரேகையைச் சயா சுரண்டும்போது நான் வெளியே டீ குடிக்கப் போய்விட்டேன்.

இப்போது 13.1. தண்ணீர் 86, 87இல் நிற்கிறது, அசைவதில்லை. இதில் என் கால் செய்த வேலையும் கொஞ்சம் உண்டு. சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தாலே ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுகிறேன், மூட்டை ஏற்றும்போது இன்ஜினை அணைத்துவிடுகிறேன். லாரிக்குப் பின்னாலேயே பொறுமையாகப் போகிறேன், முந்துவதில்லை. எப்படி முந்துவது? ஊரே வலப்பக்கம் ஓடுகிறது, ஸ்டியரிங்கும் வலப்பக்கம். இடப்பக்கம் உட்கார்ந்து எட்டிப் பார்த்து "போ போ" என்று சொல்ல நீ இல்லை. நீ "போ" என்று சொன்ன அந்த ஒரு தடவையை என் மாமியார் சாகும்வரை மறக்கவில்லை.

ஆடிப்பூசைக்கு வா. அவுங் மிங்கலா பஸ் நிலையத்துக்கு நானே ப்ரோபாக்ஸில் வந்து அழைத்துக்கொள்கிறேன். திரும்பும்போது வேண்டுமானால் வண்டிக்காரர்கள் கும்பிடுகிற பொன் ஆலமரம் வரை ஓட்டிப்போய், நீ வாங்கின புதிதில் செய்த மாதிரி மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்து வண்டியைக் கும்பிட வைக்கலாம். பெட்ரோல் என் செலவு. வரும்போது பம்ப்ளிமாஸ் கொண்டு வா, அவள் கேட்கிறாள். பத்துக்கு மேல் வேண்டாம். பாரம் ஏறினால் நோட்டில் கணக்கு கெட்டுவிடும்.

உன்,
கோபாலு