ஆயில் முள் ஏறினால் சந்தோஷப்படாதே

பர்மிங்காம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

தீபாவளிக்கு வந்த உன் கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டையில் இருக்கும் கிரீஸ் கறை எல்லாம் அவள் கண்ணில் படுகிறது. குண்டு பாலு போன வாரம் போன் பண்ணினான், அதே பழைய கதைதான்.

இந்த அவசரக் கடிதம் உன் ஆஸ்டினுக்காக. 22 வருஷம் கொட்டகையில் நின்ற 1935 ஆஸ்டின் செவன் ரூபி காரை வாங்கி, புது பேட்டரி போட்டு, கடையில் கிடைத்த 5டபிள்யூ-30 ஆயிலை ஊற்றி ஸ்டார்ட்டும் பண்ணிவிட்டாய். "நல்லா சூடான பிறகும் ஆயில் பிரஷர் 15 பவுண்டில் நிற்குது, எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு" என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. தயவுசெய்து அந்த எஞ்சினை இனி ஒரு தடவைகூட ஓட்டாதே. பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைப் படி.

அம்பாசடரில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு பார்த்துப் பழகிய கண் உனக்கு. அந்தக் கணக்கு இங்கே செல்லாது. அம்பாசடரில் ஆயில் பேரிங்குகளுக்குள் அழுத்தத்தோடு தள்ளப்படுகிறது. ஆஸ்டின் செவனில் அப்படிக் கிடையாது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டால் ஓடும் சின்னத் தகட்டு பம்ப் ஒன்று, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸ் ஓரமாகப் போகும் வழியில் ஆயிலை அனுப்புகிறது. அந்த வழியில் இரண்டே இரண்டு ஜெட், அதாவது ஊசித் துளை. அவை, பிஸ்டன்களால் சுற்றிக்கொண்டிருக்கும் தண்டான கிராங்கின் மேல் ஆயிலைப் பீய்ச்சுகின்றன. கிராங்க் அதை ஏந்திக்கொண்டு, சுழலும் வேகத்தாலேயே உள்துளைகள் வழியாகப் பிஸ்டன் ராடின் கீழ்முனையான பிக் எண்டுக்குத் தள்ளுகிறது. சிலிண்டர் சுவர், கேம் எல்லாம் சிதறும் ஆயிலில்தான் பிழைக்கின்றன.

இந்த அமைப்பில் கேஜ் காட்டுவது ஜெட்டுக்கு முன்னால் உள்ள அழுத்தத்தை. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும், செடிக்குத் தண்ணீர் போகாது. அதேதான் இங்கும். ஆரோக்கியமான செவனில், சூடான பிறகு முள் 2 பவுண்டைச் சுற்றி நிற்கும். குளிரில் முதல் ஸ்டார்ட்டுக்கு ஏறும், பிறகு இறங்கிவிடும். உன்னுடையதில் இறங்கவே இல்லை. அதுவும் தண்ணீர் மாதிரி இருக்கும் 5டபிள்யூ-30 போட்டும்! அந்த ஆயிலுக்கு முள் தரையில் கிடந்திருக்க வேண்டும். ஜெட் இரண்டும் அடைத்திருக்கின்றன, குறைந்தது ஒன்றாவது. கேஜே தப்பாகக் காட்டுகிறதா என்று கேட்பாய். இருக்கலாம். அதை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

அடைத்தது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் ஆயில் ஃபில்டர் கிடையாது, ஆயில் தேங்கும் அடித்தட்டான சேம்பருக்கு மேல் ஒரு வலை மட்டும்தான். பழைய காலத்து ஆயிலில் அழுக்கைக் கரைத்து மிதக்கவைக்கும் மருந்து இல்லாததால், கசடு எல்லாம் அடியில் களிம்பு மாதிரி படிந்து இறுகிவிடும். அது படிந்த இடத்திலேயே கிடந்தால் கெடுதல் குறைவு. நீ ஊற்றியது நவீன டிடர்ஜென்ட் ஆயில். அது பழைய கசடை ஒரே நாளில் கிளப்பிவிடும், கிளம்பியது நேராக அந்த இரண்டு துளைக்குத்தான் வரும். டிடர்ஜென்ட் ஆயிலைக் குறை சொல்லவில்லை. சுத்தம் செய்த எஞ்சினுக்கு நானே அதைத்தான் சொல்வேன். கழுவாத பாத்திரத்தில் பால் ஊற்றியது மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இனி வேலை. கிராங்க்கேஸின் பக்கவாட்டில் ஜெட்டுகளுக்கு நேராக இரண்டு பிளக் இருக்கும். அவற்றைக் கழற்றி, வெளியிலிருந்தே மெல்லிய கம்பியை விட்டு அடைப்பை எடுக்கலாம். பராமரிப்புக்கு அது போதும், வருஷம் ஒரு முறை செய். ஆனால் 22 வருஷம் நின்ற வண்டிக்கு அது போதாது. நீ குத்தித் தள்ளிய கசடு உள்ளேதான் விழும். சேம்பரை இறக்கியே ஆகவேண்டும். எஞ்சினை வெளியே எடுக்காமலே இறக்கலாம். அது மெல்லிய தகடு, சுற்றிலும் சின்னச் சின்னத் திருகுகள். நெம்புகோல் போட்டால் விளிம்பு வளைந்துவிடும், பிறகு ஆயுசுக்கும் ஒழுகும். உள்ளே இருக்கும் கசடை வீசிவிடாதே. விரலில் தேய்த்துப் பார். கறுப்புக் களிம்பு மட்டும் என்றால் சரி. வெள்ளியாக மினுமினுக்கும் செதில் இருந்தால் பிக் எண்டின் உள்பூச்சான ஒயிட் மெட்டல் உதிர ஆரம்பித்துவிட்டது.

வலையையும் சேம்பரையும் மண்ணெண்ணெயில் கழுவு. ஜெட்டுக்குள் கம்பியை விடும்போது துளையைப் பெரிதாக்கிவிடாதே. செம்புக் கம்பி நல்லது, டிரில் பிட் வேண்டவே வேண்டாம். பிறகு இதைக் கட்டாயம் செய்: ஆயில் வழியின் பிளக் துளையில் பெரிய சிரிஞ்சை வைத்துச் சுத்தமான ஆயிலை அழுத்து. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார். ஜெட்டிலிருந்து ஊசி நூல் மாதிரி ஒரே கோடாக ஆயில் வரவேண்டும். கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்று. அந்தக் கோடு கிராங்கின் ஏந்தும் வாயில் நேராக விழவேண்டும். விசிறி மாதிரி சிதறினாலோ பக்கத்தில் அடித்தாலோ, ஜெட்டுக்குள் இன்னும் ஏதோ ஒட்டியிருக்கிறது. இரண்டு கோடும் ஒழுங்காக விழுவதைக் கண்ணால் பார்க்காமல் சேம்பரை மூடாதே.

சேம்பர் கீழே இருக்கும்போதே பிக் எண்ட் நான்கையும் பிடித்துப் பார்த்துவிடு. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேலும் கீழுமாக விரலுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எஞ்சின் வெளியே வரவேண்டியதுதான். ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றி மறுபடி கடைந்து கொடுப்பவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். கழற்றி மாற்றக்கூடிய ஷெல் பேரிங் போடும்படி ராடை மாற்றிக்கொள்வதும் உண்டு. அடிக்கடி ஓட்டப்போகிறாய் என்றால் இரண்டாவதைத்தான் நான் சொல்வேன்.

எஞ்சின் வெளியே வந்துவிட்டால் கிராங்கைப் பற்றி விளையாட்டுப் பேச்சு கூடாது. 1936இல் நடு பேரிங் சேர்ப்பதற்கு முந்தைய எஞ்சின் உன்னுடையது. நாலு சிலிண்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டே மெயின் பேரிங். நடுவில் தாங்க எதுவும் இல்லாததால் வேகம் கூடக்கூட கிராங்க் ஸ்கிப்பிங் கயிறு மாதிரி விம்மும். இத்தனை வருஷம் விம்மிய இரும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கும் வாய்ப்பு நிறைய, பெரும்பாலும் பின்பக்கம்தான். கண்ணுக்குத் தெரியாது. காந்தத் தூள் சோதனைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். விரிசலோடு ஓடி உடைந்தால் கிராங்கோடு போகாது, அலுமினிய கிராங்க்கேஸையும் உடைத்துவிட்டுப் போகும். புதுக் கிராங்க் இன்றும் செய்து விற்கிறார்கள், நல்ல கிராங்க்கேஸ் கிடைப்பது கஷ்டம். கிராங்கின் உள்துளைகளிலும் கசடு இறுகியிருக்கும். சுழன்று சுழன்று கடைந்தெடுத்த வெண்ணெய் மாதிரி அங்கேதான் போய்ச் சேரும். அதை எடுக்காமல் ஒயிட் மெட்டல் ஊற்றினால் காசு தண்டம்.

ஃப்ளைவீல் கிராங்கின் கூம்பு முனையில் உட்காருகிறது. சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்க்காதே, இழுத்துக் கழற்றும் புல்லர் நான் கொண்டுவருகிறேன். திருப்பிப் போடும்போது மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் தடவி இரண்டு கூம்பையும் ஒன்றோடொன்று தேய்த்து, முழுதும் ஒரே சாம்பல் நிறமாக வரும்வரை பொருத்தவேண்டும். பாரத்தைத் தாங்கவேண்டியது அந்தக் கூம்பின் பிடிப்பு. இடையில் செருகியிருக்கும் சின்னச் சாவித் துண்டு மட்டும் தாங்கட்டும் என்று விட்டால் அது வெட்டுப்பட்டுவிடும். பின் சக்கர ஹப்புக்கும் இதே கதைதான். நீண்ட கம்பி போட்டு நட்டை இறுக்கு, கொஞ்சம் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்கு.

உன் ஸ்பேனர் செட்டை இதன் பக்கத்தில் கொண்டுபோகாதே. கராஜில் நீ கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறாயே, அதைத்தான் சொல்கிறேன். மில்லிமீட்டர் ஸ்பேனர் நட்டின் மூலையை உருட்டிவிடும். இதற்குப் பழைய பிரிட்டிஷ் அளவான விட்வொர்த், பி.எஸ்.எஃப். ஸ்பேனர் வேண்டும். மரை விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை. கால் அங்குல பி.எஸ்.எஃபில் அங்குலத்துக்கு 26 மரை, பிற்கால அங்குல அளவான யு.என்.எஃபில் 28. மரையின் கோணமும் வேறு: இதில் 55 டிகிரி, அதில் 60. ஒன்றில் மற்றதைப் போட்டால் முதல் இரண்டு சுற்று பிடிக்கும், பிறகு இறுகும். இறுகுகிறதே என்று நீ சந்தோஷமாக அழுத்துவாய், அலுமினிய மரை கையோடு வந்துவிடும். லேத் சார் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? விரலால் போகாதது ஸ்பேனரால் போகக்கூடாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுத்தம் செய்த பிறகு 20டபிள்யூ-50 ஊற்று. அரை கேலன் பிடிக்கும், ஏறக்குறைய 2.3 லிட்டர். ஃபில்டர் இல்லாததால் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்று. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் இடைவெளி 4 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் நாலு பங்கு), அதாவது 0.1 மில்லிமீட்டர். வாட்டர் பம்ப் கிடையாது, சூடான தண்ணீர் தானே மேலேறிச் சுற்றும் ஏற்பாடு. அதனால் பிளாக்கின் பின்பக்கம் வண்டல் கட்டினால் கொதிக்கும். ஹெட்டைக் கழற்றும்போது கம்பியால் கிளறி எடு, அடைப்பு மருந்து எதுவும் ஊற்றாதே. பெட்ரோல் பங்கில் எத்தனால் அதிகம் கலந்த இ10 போடாதே, இ5 போடு. பழைய ரப்பர், கார்க் எல்லாவற்றையும் எத்தனால் தின்றுவிடும். பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தை எப்படியும் புதிதாக மாற்றிவிடு. எலக்ட்ரிக்கல் 6 வோல்ட், அதே வேலைக்கு இருமடங்கு கரண்ட் ஓடும். ஸ்டார்ட்டருக்கு 12 வோல்ட் வண்டியின் மெலிந்த கேபிள் போட்டால் சூடாகுமே தவிரச் சுற்றாது. பேட்டரி இல்லாமல் எஞ்சினை ஓட்டினால் டைனமோ கருகிவிடும்.

பிரேக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படி. நாலு சக்கரத்துக்கும் கேபிள் பிரேக்தான். பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் கேபிளை இழுத்துக் கட்டுகிறார்கள். அது தப்பு. முதலில் லைனிங், டிரம், கேம் தேய்மானம் மூன்றையும் சரி செய். பிரேக் அழுத்திய நிலையில் லீவரும் கேபிளும் ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்கவேண்டும். அதைத் தாண்டிவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் விசை வீணாகும். பழைய லைனிங்கிலும் க்ளட்ச்சிலும் ஹெட் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள். டிரம்முக்குள் காற்றடித்து ஊதாதே. ஈரத்துணியால் துடைத்துப் பையில் கட்டு. குழந்தைகள் அந்தப் பக்கம் வரவே கூடாது, சேகர். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

40 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் வருஷாவருஷம் செய்யும் எம்.ஓ.டி. தகுதிச் சோதனை கட்டாயமில்லை என்று குஷியாக எழுதியிருக்கிறாய். சட்டம் அப்படித்தான். நீ இருந்தாலும் கொண்டுபோய்க் காட்டு. வேறொருவன் கீழே படுத்துப் பார்க்கும் பார்வைக்காகத்தான் சொல்கிறேன்.

உன் வீட்டில் அதைத் "தகர டப்பா" என்கிறார்களாமே. அண்ணியிடம் இதைச் சொல். 1922இல் வந்த இந்த வண்டியை ஹெர்பர்ட் ஆஸ்டின் தன் வீட்டு பில்லியர்ட்ஸ் அறையில் வைத்து, ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் பையனைக்கொண்டு வரைந்தார். நாலு சிலிண்டர் போடலாம் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்ததே அந்தப் பையன்தான். 747 சி.சி. எஞ்சின். பி.எம்.டபிள்யூ. முதன்முதலில் விற்ற கார் இதன் லைசென்ஸ் வடிவம். காலின் சாப்மன் தன் முதல் லோட்டஸைக் கட்டியது ஒரு பழைய செவனின் மேல். உன் வீட்டு வாசலில் நிற்கிறது அந்தப் பரம்பரை. அதனால்தான் இரண்டு ஊசித் துளைக்காக இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லெஸ்டர் வருகிறேன். புல்லர், விட்வொர்த் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் என்னிடம் இருக்கின்றன. நீ ஐந்து லிட்டர் மண்ணெண்ணெய், பழைய பனியன் துணி, அகலமான தட்டு ஒன்று, சேம்பருக்குக் கார்க் கேஸ்கெட், பெரிய சிரிஞ்ச் வாங்கி வை. கேஸ்கெட் இரண்டாக வாங்கு, ஒன்று எப்படியும் கிழியும். அண்ணியிடம் ரசம் மட்டும் போதும் என்று சொல்லிவிடு.

உன்,
மூர்த்தி

பி.கு.: பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டாயா?