ஃபின்போகாடோட்டிர் குடும்பப் பெயர் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐஸ்லாந்தின் முன்னாள் அதிபர் விக்டிஸ் ஃபின்போகாடோட்டிர் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். 1980ஆம் ஆண்டில் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண் அதிபர் அவர் என்பதை இளைய வாசகர்களுக்கு எடுத்துச் சொன்னது நன்று. ஆனால் கட்டுரை நெடுகிலும் அவரை ‘ஃபின்போகாடோட்டிர்’ என்று மட்டும் குறிப்பிட்டு, அதைக் குடும்பப் பெயர் என்றும் எழுதியிருப்பது பிழை. ‘ஃபின்போகியின் மகள்’ என்பதே அச்சொல்லின் பொருள். ஃபின்போகி அவருடைய தந்தை. அந்நாட்டில் அதிபரானாலும் விக்டிஸ் என்றுதான் அழைப்பார்கள். தொலைபேசி எண் புத்தகம் அச்சில் வந்த காலத்தில் அதில்கூட முதற்பெயரை வைத்தே அகரவரிசை இருந்தது.

இப்பெயர்கள் உருவாகும் விதம் தமிழ் இலக்கணம் அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். ‘மரம்’ கிளையோடு சேரும்போது ‘மரத்துக்கிளை’ ஆவதுபோல, தந்தையின் பெயர் உடைமைப் பொருளில் திரிந்த பிறகே ‘சன்’ என்ற மகனும் ‘டோட்டிர்’ என்ற மகளும் வந்து சேர்கின்றன. ஃபின்போகி ‘ஃபின்போகா’ ஆவது அப்படித்தான். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் ஸ்நோரி ஸ்டுர்லுசனின் தந்தை பெயர் ஸ்டுர்லா; உடைமைப் பொருளில் அது ‘ஸ்டுர்லு’ ஆகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதே முறையில் அங்கே குழந்தைகளுக்குப் பெயர் அமைகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே உள்ளது.

திருமணத்தால் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. ஆகவே தந்தை, தாய், மகன், மகள் ஆகிய நால்வருக்கும் பின்பெயர் வெவ்வேறாக இருக்கலாம். தாயின் பெயரைக் கொள்வோரும் உண்டு: கால்பந்து வீரர் ஹெய்தார் ஹெல்குசன், ஹெல்கா என்ற பெண்ணின் மகன். ரெய்க்யவிக் நகரின் முன்னாள் மேயர் டாகுர் பெர்க்தோருசன் எகெர்ட்சனின் பெயரில் தாய், தந்தை இருவருமே இடம்பெறுகின்றனர். ஆண், பெண் என்ற வகையில் பதிவு செய்துகொள்ளாதோர் ‘குழந்தை’ எனப் பொருள்படும் ‘புர்’ என்ற ஈற்றைக் கொள்ளவும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது.

குடும்பப் பெயர்கள் அங்கே அறவே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1955இல் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஹால்டோர் லாக்ஸ்னெஸ், குட்யோன்சன் என்ற தந்தைவழிப் பெயரை விட்டு, தாம் வளர்ந்த பண்ணையின் பெயரைச் சூட்டிக்கொண்டவர். ஆனால் புதிதாகக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்வதை 1925ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது.

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு, சொந்தப் பெயரால் அழைக்கப்படும் நாம், அயல்நாட்டு விண்ணப்பங்களில் தந்தையின் பெயராலேயே விளிக்கப்படும் சங்கடத்தை நன்கு அறிவோம். எனவே அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டு, இனி ஐஸ்லாந்தியரை முதற்பெயரால் குறிப்பிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி