சீட்டில் தங்கிவிட்ட மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் வந்து 16 வருடமாகிறது. மாதாமாதம் ஓ.பி.க்கு நான்தான் அழைத்துப் போகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ரிஸ்பெரிடோன் மாத்திரை போதவில்லை என்று, அதே நோய்க்கான இன்னொரு மருந்தான ஒலான்சபின் சேர்த்தார்கள். புதியதைக் கூட்டிக்கொண்டே பழையதை மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார் அன்றைய டாக்டர். அடுத்த மாதம் வேறு டாக்டர். மருந்துச் சீட்டைப் பார்த்து, 'அதே மருந்து தொடரவும்' என்று எழுதினார். நிறுத்த வேண்டிய மாத்திரை அப்படியே தங்கிவிட்டது. அப்புறம் ராத்திரியில் கத்துகிறான் என்றதும் மூன்றாவதாக ஹாலோபெரிடாலும் ஏறியது. கை நடுங்கியது. நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை.

இப்போது அரை டம்ளர் காபிதான் தருகிறேன். நிறைய ஊற்றினால் வாய்க்குப் போவதற்குள் சட்டையில் கொட்டிவிடும். சைக்கிளில் ஊரைச் சுற்றியவன் காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறான். உடம்பு பெருத்து, சர்க்கரையும் வந்துவிட்டது.

டாக்டர்களின் மேல் எனக்குக் கோபமில்லை. வாசல் வரை நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? இரண்டு மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, சரியான அளவில், போதிய வாரங்கள் கொடுத்தும் கேட்காவிட்டால் குளோசபின் கொடுத்துப் பார்ப்பதுதான் முறை. ஆனால் அதற்கு முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுத்து வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பஸ் மாறி வருகிறவர்களுக்கு அது லேசான காரியமா? சீட்டில் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பது சுலபமாகிவிடுகிறது.

இந்த நோய்க்கு இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பின்லாந்தில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனச்சிதைவு நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், குளோசபினும் அரிப்பிப்ரசோல் என்ற இன்னொரு மருந்தும் சேர்த்து எடுத்த காலத்தில்தான் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது மிகக் குறைவாக இருந்தது. அப்படிக் காரணம் சொல்லிச் சேர்த்தால் சரி. எங்கள் சீட்டில் காரணமும் இல்லை, எதுவரை என்றும் இல்லை. சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் புரிகிற மொழியில் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. இரண்டாவது மருந்து எழுதும்போது பக்கத்திலேயே 'எதற்காக, எந்த மாதம் வரை' என்று ஒரு வரி எழுதும்படி சுகாதாரத்துறை உத்தரவிட வேண்டும். அடுத்த மாதம் யார் உட்கார்ந்திருந்தாலும் அந்த வரி கண்ணில் படும்.

என்னைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: தயவுசெய்து நீங்களாகக் குறைக்காதீர்கள். நான் ஒருமுறை பிளேடால் மாத்திரையைப் பாதியாக நறுக்கிக் கொடுத்தேன். பத்தே நாளில் விடிய விடியச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு அக்கா,
தஞ்சாவூர் மாவட்டம்