டொரண்டோவில் இருக்கும் தங்கச்சிக்கு, வியாசர்பாடியிலிருந்து

பாப்பா,

போன திங்கட்கிழமை காலைல அம்மா வழக்கம்போல ஆறரைக்கே போனை மடியில வெச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்துட்டாங்க. ஏழாச்சு, உன் போன் வரல. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதுகூட அவங்களுக்குத் தெரியல. ஏழரைக்குக் கூப்பிட்ட. நவம்பர் முதல் ஞாயிறு உங்க ஊர்ல கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிடுவாங்கன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. ஒன்பதரை மணி நேர வித்தியாசம் பத்தரை ஆயிடுச்சாம். அது போகட்டும். "நல்லா இருக்கியா?"ன்னு அம்மா கேட்டதும் "சூப்பரா இருக்கேம்மா"ன்ன பாரு, அந்தக் குரலை நான் நம்பல. அம்மா குளிக்கப் போனப்புறம் தனியாக் கேட்டேன். அப்பதான் அழுத.

ஆறு மாச வாடகை! வேலை இல்ல, கிரெடிட் ஹிஸ்டரி, அதான் கடனை ஒழுங்காத் திருப்பிக் கட்டின பதிவு, அதுவும் இல்லன்னு வீட்டுக்காரர் மொத்தமாக் கேட்டார், நீயும் எடுத்துக் கொடுத்துட்ட. உன்மேல தப்பு சொல்லல. பத்து மாச அட்வான்ஸ் வெச்சாத்தான் சாவி கைக்கு வரும்னு பார்த்து வளர்ந்தவ நீ. ஆறு மாசம் உனக்குக் கம்மியாத்தான் பட்டிருக்கும். ஆனா ஒண்டாரியோ சட்டத்துல, முதல் மாச வாடகையும் கடைசி மாசத்துக்குன்னு ஒரு மாச டெபாசிட்டும்தான் வீட்டுக்காரர் கேக்கலாம். அதுக்கு மேல வாங்கினதைத் திருப்பித் தரச்சொல்லி வாடகை வாரியத்துல மனு போடலாம். ஒரு வருஷத்துக்குள்ள போட்டுடணும். பணம் அனுப்பின ரசீது, அவர் போட்ட மெசேஜ் ஒண்ணையும் அழிச்சுடாத.

இதை நான் வியாசர்பாடியில உக்காந்து தேடிப் படிச்சுச் சொல்றேன். உன் தெருவுல இருக்கிற யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க. நீ யாரையும் கேக்கல. பணம் போனதைவிட எனக்கு அதுதான் தாங்கல.

ஆயாவை நினைச்சுக்கோ. 1964-ல பர்மாவுல கடைகளை அரசாங்கமே எடுத்துக்கிச்சு, ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாதுன்னும் சொல்லிட்டாங்க. ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோட ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்து இறங்கினவங்க ஆயா. பேசினது தமிழ்தான், இருந்தும் குழாயடியில அவங்க 'பர்மாக்காரி'. தெருவுல புடவை, வீட்டுக்குள்ள கடைசி வரைக்கும் லுங்கி. பர்மாவுலேயே தங்கிட்ட தன் தங்கச்சிக்கு ஆயா கடுதாசி எழுதினா, 'இங்கு எல்லோரும் சௌக்கியம்'தான். ஆனா எதிர்வீட்டு அம்மாகிட்ட மட்டும், குடத்தை இடுப்புல வெச்சபடியே, "எனக்கு இந்த ஊர் ஒண்ணும் புரியலக்கா, ரேஷன் கார்டுக்கு எங்க போகணும்?"னு வாய்விட்டுக் கேட்டாங்களாம். அந்த அம்மாதான் கையோட கூட்டிட்டுப் போயிருக்காங்க.

இந்த ஊர்ல ஆயா முதல்ல அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், பிசைஞ்சு கொடுத்ததும் அவங்களுக்குத்தான். ஆயா பிசையறது உனக்கு ஞாபகம் இருக்கா? அலுமினியத் தாம்பாளத்துல நூடுல்ஸ், நறுக்கின கோஸ், வெங்காயம், மேல புளித்தண்ணி, வறுத்த கடலைமாவு, பூண்டு பொரிச்ச எண்ணெய். விரலை நல்லா விரிச்சு அடியிலிருந்து தூக்கித் தூக்கிப் போடுவாங்க. ஒரு இழை அறுந்து நான் பார்த்ததில்ல. அப்புறம் அந்தக் கைதான் பாரிமுனைப் பக்கம் சாயங்காலக் கடை போட்டு நம்ம அப்பாவைப் படிக்க வெச்சது.

டொரண்டோவுல நீ இருக்கிற ஸ்கார்பரோ பக்கம், 1983 கலவரத்துக்கு அப்புறம் எல்லாத்தையும் விட்டுட்டு இலங்கையிலிருந்து வந்தவங்க நிறையப் பேர். புது ஊர்ல கால் ஊனுறது எப்படின்னு அவங்களைவிட யாருக்குத் தெரியும்? மேல் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, "ஏதும் தேவையெண்டால் கேளுங்கோ"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்கன்னு நீதானே சொன்ன? இன்னிக்கே போய்க் கதவைத் தட்டு. வாடகை விஷயத்தை மறைக்காமச் சொல்லு. மனு எழுத யார்கிட்டப் போகணும்னு கேளு.

அம்மாகிட்ட நான் இன்னும் எதுவும் சொல்லல. நீயே சொல்லு, அவங்க தாங்குவாங்க.

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு வீடியோவுல வா, எங்களுக்கு ஞாயிறு காலை ஏழரை. அத்தோ பிசையறதைக் காட்டறேன். பூண்டு எண்ணெயை மட்டும் முன்னாடியே பொரிச்சு ஆறவெச்சுடு. ரெண்டு பேருக்கு அளவா எடுத்துக்கோ, மேல் வீட்டுக்கும் ஒரு தட்டு போகணும்.

அக்கா