அகழியா, மண் எடுத்த குழியா?

அன்புள்ள செல்விக்கு,

நீ அனுப்பிய லிடார் படத்தில் (வானிலிருந்து லேசரால் நில உயரத்தை அளந்து வரைந்தது) தெரியும் சதுரப் பள்ளம் பழைய அகழியா என்று கேட்டிருந்தாய். ஆசை காட்டத்தான் செய்கிறது. கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் அகழி சூழ்ந்த பண்ணை மாளிகைகளுக்குப் பஞ்சமே இல்லை. இங்கிலாந்து முழுக்க ஏறத்தாழ 6,000 இடங்கள், அதிகம் வெட்டிய காலம் சுமார் 1250க்கும் 1350க்கும் இடையில். எதிரிக்குப் பயந்து வெட்டியதைவிட அந்தஸ்துக்காக வெட்டியதே அதிகம். ஆனாலும் சதுரத்தை மட்டும் நம்பாதே.

முதலில் படத்தை மறுபடி போடு. ஒரே திசையிலிருந்து ஒளி விழச் செய்தால், அந்த ஒளியின் போக்கிலேயே ஓடும் பள்ளம் மறைந்துவிடும். இரண்டு பக்கம்தான் இருக்கிறது, மற்ற இரண்டையும் தூர்த்துவிட்டார்கள் என்று ஏமாறுவது இப்படித்தான். பல திசை ஒளியில் பார்.

அடுத்தது மட்டம். தண்ணீர் நிற்க வேண்டுமானால் சரிவான நிலத்தில் தாழ்ந்த பக்கம் கரை போட்டே ஆகவேண்டும். வரத்து வாய்க்காலும் வடிகாலும் எங்கே என்று தேடு. மூலைக்கு மூலை 2 மீட்டர் இறக்கம், கரையின் சுவடும் இல்லையென்றால் நான் சந்தேகப்படுவேன்.

எனக்கு முக்கியமான கேள்வி, வெட்டிய மண் எங்கே போயிற்று? நடுவில் 40 மீட்டர் சதுரத் திட்டு, சுற்றிலும் அகழி 8 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்று வை. பக்கச் சரிவைக் கழித்தாலும் 1,800 கனமீட்டர் மண். திட்டின்மேலேயே பரப்பினால் 1 மீட்டருக்கு மேல் உயரும். திட்டும் உயரவில்லை, வெளிக்கரையும் இல்லை, உழுது சமன்செய்த அடையாளமும் இல்லையென்றால் வண்டியேற்றிப் போயிருக்கிறார்கள். செங்கல் சூளைக்காக இருக்கலாம்.

உள்ளே போகும் வழியையும் கவனி. வெட்டாமல் விட்ட நிலம் சுற்று நிலத்தோடு மட்டமாக இருக்கும். பின்னால் கொட்டி நிரப்பியது நடுவில் தொய்ந்திருக்கும், மழை பெய்தால் அங்கேதான் தண்ணீர் தேங்கும்.

பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய 25 அங்குல (ஒரு மைலுக்கு 25 அங்குலம்) வரைபடத்தில், பழங்காலச் சின்னங்களுக்குரிய கோதிக் எழுத்தில் ‘மோட்’ (அகழி) என்றிருந்தால் நல்லது. ஆனால் அதுவும் அளந்தவர் கருத்துதான். 1836 சட்டத்தையொட்டி, தேவாலயத்துக்குச் செலுத்தும் டைத் வரிக்காக வரைந்த வரைபடத்தில் வயல் பெயர்கள் அகழியைச் சொல்கின்றனவா, சூளையைச் சொல்கின்றனவா என்று பார்.

நேரில் போவதானால் ஜனவரி, பிப்ரவரி. புல் அடங்கியிருக்கும், வெயிலும் சாய்ந்து விழும். நிலக்காரரிடம் கேட்டுக்கொண்டு போ. பாதுகாக்கப்பட்ட சின்னமானால் 1979 சட்டப்படி அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவதே குற்றம். எலிவளை மண்ணில் ஓடு கிடந்தாலும் படம் எடு, கையில் எடுக்காதே.

இரண்டு குறுக்குவெட்டு உயரக் கோடுகள் போட்டு அனுப்பு, ஒன்று சரிவின் போக்கில், ஒன்று அதற்குக் குறுக்காக. வெளியே 20 மீட்டர் வரை நீட்டிப் போடு.

அன்புடன்,
அம்மா